சரீனா வீக்மன்: 99 ஆட்டமா, 104 ஆட்டமா? ஆட்டக்காரர் முதல் தேசியப் பயிற்சியாளர் வரை

தென்னங்கீற்று:

பள்ளி விளையாட்டு மலர் ஒன்றுக்கு சரீனா வீக்மன் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டும். நெதர்லாந்துப் பெண்கள் கால்பந்து அணியில் ஆடி, பிறகு அந்த அணிக்கும் அதன்பின் இங்கிலாந்துப் பெண்கள் அணிக்கும் பயிற்சியாளரானவர். தேடத் தேட ஒன்றோடொன்று ஒட்டாத தகவல்தான் கிடைக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் தெளிவாக்குங்கள்.

நெதர்லாந்துக்காக அவர் ஆடியது ஓரிடத்தில் 104 ஆட்டம் என்றும் இன்னோரிடத்தில் 99 என்றும் இருக்கிறது. எதைப் போடுவது?

2003-ல் ஆட்டத்தை நிறுத்தினார், 2017-ல் நெதர்லாந்துப் பயிற்சியாளராக யூரோ (ஐரோப்பிய நாடுகளின் சாம்பியன் போட்டி) கோப்பையைத் தூக்கினார். நடுவில் 14 வருஷம் என்ன செய்தார்? எல்லாக் கட்டுரையும் இந்த இடத்தில் ஒரே தாவாகத் தாவிவிடுகிறது.

2022 யூரோவில் இங்கிலாந்துக்கு ஆறு ஆட்டத்துக்கும் அதே பதினொரு பேரைத்தான் இறக்கினாராம். இது பிடிவாதமா, திட்டமா? திட்டம் என்றால் பெஞ்சில் இருந்தவர்கள் எப்படி அத்தனை கோல் போட்டார்கள்?

கடைசியாக, உலகக் கோப்பை இறுதியில் இரண்டு முறை தோற்றது எதனால்? புகழுரை என்னிடம் நிறையச் சேர்ந்துவிட்டது. விவரம்தான் வேண்டும்.


எட்டாம்நம்பர்:

ஆட்ட எண்ணிக்கையை முதலில் முடித்துவிடலாம். அவர் ஆடிக்கொண்டிருந்த காலத்துக் கணக்கு 104. 2001-ல் நெதர்லாந்துப் பெண்களில் முதன்முதலாக 100 ஆட்டத்தைத் தொட்டவர் என்று கொண்டாடியதும் அந்தக் கணக்கை வைத்துத்தான். பிறகு பழைய பதிவுகளைச் சலித்தபோது, சில ஆட்டங்களில் எதிரே நின்றது முறையான நாட்டு அணி இல்லை என்று தெரிந்தது. அவற்றைக் கழித்தால் 99. எண்பதுகளில் பெண்கள் கால்பந்தில் இந்தக் குழப்பம் சகஜம், பல நாட்டுக் கணக்கிலும் இது உண்டு. மலரில் 99 என்று போட்டு, "அன்றைய கணக்கில் 104" என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பின்னால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

மற்றபடி, பிறந்தது 1969 அக்டோபர் 26, தி ஹேக் நகரில். இரட்டைப் பிறவி, கூடப் பிறந்தவர் சகோதரர். பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து என்ற பேச்சே அங்கே இல்லாத நேரம். முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு, வாசனார் ஊர் கிளப்பில் பையன்களோடு சேர்ந்து ஆடினார். 1987-ல் 17 வயதில் நார்வேக்கு எதிராக நாட்டு அணியில் முதல் ஆட்டம். ஆடிய இடம் நடுக்களம், பிற்காலத்தில் தடுப்பு வரிசை. கோல் அடிக்கிற ஆள் இல்லை.

திருப்பம் 1988-ல் வருகிறது. உலகக் கோப்பைக்கு ஒத்திகை மாதிரி ஃபிஃபா சீனாவில் ஓர் அழைப்புப் போட்டி நடத்தியது. அமெரிக்க அணியின் பயிற்சியாளர் ஆன்சன் டோரன்ஸ் அங்கே இவரைப் பார்த்து, வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு வரச் சொன்னார். 1989 சீசனை அங்கே ஆடினார். பின்னாளில் அமெரிக்க நட்சத்திரங்களான மியா ஹாமும் கிறிஸ்டின் லில்லியும் அதே அணியில் இருந்தார்கள், அந்த வருஷக் கல்லூரி சாம்பியன் பட்டமும் அவர்களுக்குத்தான். "அமெரிக்காவில் பல வருஷம் ஆடினார்" என்று சில இடங்களில் பார்ப்பீர்கள், நம்ப வேண்டாம். ஒரே சீசன். ஆனால் பெண்களுக்கென்று மைதானம், ஜிம், முழுநேரப் பயிற்சியாளர் எல்லாம் இருக்கிற ஓர் ஏற்பாட்டை அவர் முதலில் கண்டது அங்கேதான். ஊர் திரும்பினால் அதில் ஒன்றும் கிடையாது.

திரும்பிய பிறகு தி ஹேக்கில் உடற்கல்வி ஆசிரியர் வேலை. 1994 முதல் 2003 வரை தெர் லேடே கிளப்பில் ஆட்டம். 2001-லும் 2003-லும் லீக் பட்டம். இரண்டாவது குழந்தையைச் சுமந்த நேரத்தில் 2003-ல் நிறுத்தினார்.

மலரில் கட்டாயம் வர வேண்டியது ஒன்று உண்டு. அவர் ஆடிய காலம் முழுக்க நெதர்லாந்துப் பெண்கள் யூரோவுக்கோ உலகக் கோப்பைக்கோ ஒரு தடவைகூடத் தகுதி பெறவில்லை. முதல் தகுதி 2009 யூரோவுக்குத்தான். 99 ஆட்டம் ஆடியும் ஒரு பெரிய போட்டியைக்கூட உள்ளே நின்று பார்க்காதவர் அவர்.


உதவிக்கோச்:

14 வருஷக் கேள்விக்கு வருகிறேன். அவர் ஏறிய படிகளின் வரிசையைக் கவனித்தால் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

2006-ல் தன் பழைய கிளப்பான தெர் லேடேவுக்கே பயிற்சியாளர். ஒரே சீசன், லீக்கும் கோப்பையும் கையில். 2007-ல் நெதர்லாந்தில் பெண்களுக்கான எரெடிவிசி லீக் வெறும் 6 கிளப்புகளோடு தொடங்கியது. அதில் ஏடிஓ டென் ஹாக் அணியை எடுத்தார். அங்கே 2014 வரை ஏழு வருஷம். 2012-ல் லீக்கும் கோப்பையும், 2013-ல் மறுபடி கோப்பை. இந்த ஏழு வருஷத்தைத்தான் கட்டுரை எழுதுகிறவர்கள் ஒரு வரியில் தள்ளிவிடுகிறார்கள், எனக்கு அது புரிவதே இல்லை. ஆறு கிளப் லீக் என்றால் அதே எதிரணி சீசனில் பலமுறை திரும்பி வரும். போன முறை ஜெயித்த உத்தி இந்த முறை எடுபடாது, ஒவ்வொரு தடவையும் எதையாவது மாற்றியாக வேண்டும். ஒரு ஆளை மாற்றினால் ஆட்டம் எப்படி மாறும் என்று பழகிக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

2014-ல் தேசிய அணியில் ரோஜர் ரைனர்ஸுக்கு உதவியாளர். 2015 உலகக் கோப்பை நெதர்லாந்துக்கு முதல் உலகக் கோப்பை. 16 அணிச் சுற்றில் ஜப்பானிடம் 1-2 என்று தோற்று வெளியே வந்தார்கள். ரைனர்ஸ் விலகினார், வீக்மன் தற்காலிகப் பொறுப்பில் உட்கார்ந்தார், ஆனால் பதவி ஆர்யான் வான் டெர் லானுக்குப் போனது. இவர் மறுபடி உதவியாளர். 2016 டிசம்பரில் வான் டெர் லானை நீக்கினார்கள். மறுபடி தற்காலிகம், 2017 ஜனவரியில் நிரந்தரம். சொந்த நாட்டில் நடக்கவிருந்த யூரோவுக்கு அப்போது ஆறு மாதம்தான் இருந்தது.

இதற்கு நடுவில்தான் பயிற்சியாளர் லைசென்ஸ் வேலை. ஐரோப்பாவில் படிவரிசை சி, பி, ஏ, கடைசியில் புரோ. மேலே போகப் போக வகுப்பறை குறையும், களம் கூடும். புரோ படிப்பில் ஒரு தொழில்முறை கிளப்போடு ஒட்டிக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். வீக்மன் அதை ஸ்பார்ட்டா ராட்டர்டாமில் செய்தார். 2016 ஜனவரியில் புரோ லைசென்ஸ் வந்தது. நெதர்லாந்தில் அதை வாங்கிய பெண்களில் மூன்றாமவர், முன்னால் வேரா பாவ், ஹெஸ்டரீன் டெ ரூஸ் இருவர் மட்டும். அதே 2016-ல் ஸ்பார்ட்டாவின் ஆண்கள் இரண்டாம் அணிக்கு உதவிப் பயிற்சியாளர். அந்த நாட்டுத் தொழில்முறை ஆண்கள் கிளப் ஒன்றில் பயிற்சியாளராக வேலை பார்த்த முதல் பெண் அவர்தான்.

ஒரு துணுக்கு: இந்த லைசென்ஸ் ஒரு தடவை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுகிற சான்றிதழ் கிடையாது. மூன்று வருஷம்தான் செல்லும். அதற்குள் குறைந்தது 15 மணி நேரம் கூடுதல் பயிற்சி முடித்தால்தான் புதுப்பிப்பார்கள்.


பெஞ்ச்பார்வை:

ஒரே பதினொன்று விஷயம் என் பங்கு. ஆனால் 2022-ஐப் புரிந்துகொள்ள 2017-ல் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும், ஏனென்றால் அந்த வருஷம் அவர் செய்தது நேர் எதிர்.

2017-ல் நெதர்லாந்தின் கேப்டன் மாண்டி வான் டென் பெர்க். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே அவரை பெஞ்சில் உட்கார வைத்தார் வீக்மன். கேப்டன் பட்டை நடுக்கள ஆட்டக்காரர் ஷெரிடா ஸ்பிட்சேவுக்குப் போனது. சொந்த மண்ணில், போட்டியின் நடுவில், கேப்டனையே உட்கார வைப்பது சின்ன விஷயம் இல்லை. வடிவம் 4-3-3, அதாவது பின்னால் நால்வர், நடுவில் மூவர், முன்னால் மூவர். வலது ஓரத்தில் ஷனீஸ் வான் டி சாண்டன், இடதில் லீக்கே மார்டென்ஸ், நடுவில் விவியன் மீடமா. ஆறு ஆட்டமும் வெற்றி, 13 கோல் போட்டு 3 வாங்கினார்கள். என்ஸ்கடே நகரில் நடந்த இறுதியில் 6-வது நிமிஷத்திலேயே டென்மார்க்கின் நாடியா நடிம் பெனால்ட்டியில் கோல் போட்டுவிட்டார். பதறாமல் ஆடி 4-2 என்று முடித்தார்கள். ஆக, ஆளை மாற்றப் பயப்படுகிறவர் இல்லை என்பது அப்போதே தெரிந்த சங்கதி.

இப்போது 2022. இங்கிலாந்தின் வடிவம் 4-2-3-1. கீப்பர் மேரி ஏர்ப்ஸ். பின்வரிசை லூசி பிரான்ஸ், மில்லி பிரைட், லியா வில்லியம்சன், ரேச்சல் டேலி. நடுவில் கீரா வால்ஷ், ஜார்ஜியா ஸ்டான்வே. அவர்களுக்கு முன்னால் பெத் மீட், ஃப்ரான் கிர்பி, லாரன் ஹெம்ப். உச்சியில் எலன் வைட். ஆறு ஆட்டத்துக்கும் தொடக்கத்தில் இவர்களேதான்.

முதலில் தேதிகளைப் பாருங்கள்: ஜூலை 6, 11, 15, 20, 26, 31. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் 4 முதல் 6 நாள் இடைவெளி. மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம் என்றால் இந்தத் திட்டம் நொறுங்கியிருக்கும். ஐந்து சப் (மாற்று ஆட்டக்காரர்) அனுமதி, கூடுதல் நேரம் போனால் ஆறாவதும் உண்டு. அதாவது கோல்கீப்பர் தவிரப் பாதிப் பேருக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் அரை மணி ஓய்வு கொடுக்க முடியும். கொடுத்தார்.

அதுவும் கடிகாரம் வைத்தது மாதிரி. நார்வே ஆட்டத்தில் 57-வது நிமிஷம் வைட் வெளியே, அலெசியா ருஸ்ஸோ உள்ளே. ஸ்வீடன் அரையிறுதியிலும் 57. இறுதியில் 56. கிர்பிக்குப் பதில் எல்லா டூன். பெஞ்சில் உட்கார்ந்த ஆளுக்குத் தன் நேரம் எப்போது வரும் என்று தெரியும். வார்ம்-அப்பை அதற்கேற்ப முடித்திருப்பார், முதல் பாதியில் எந்த டிஃபென்டர் எந்தப் பக்கம் திணறுகிறார் என்று பார்த்து வைத்திருப்பார். "எப்போது கூப்பிடுவார்களோ" என்று உட்கார்ந்திருப்பவருக்கும் "57-ல் நான்" என்று உட்கார்ந்திருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆட்ட முறையும் மாறும். வைட் அந்த 55 நிமிஷமும் சென்டர் பேக்குகளை (நடுத் தடுப்பாளர்களை) விரட்டிக்கொண்டே இருப்பார். அவர்கள் கால் கனத்த பிறகு, முதுகைக் கோலுக்குக் காட்டிப் பந்தைத் தாங்கிப் பிடிக்கிற ருஸ்ஸோ வருவார். கிர்பி பந்து கேட்டுப் பின்னால் இறங்குகிறவர். டூன் டிஃபென்டர்களைத் தாண்டி ஓடுகிறவர். இறுதியில் ஜெர்மனிக்கு எதிரான முதல் கோல் அப்படியே இதுதான். தன் பாதியிலிருந்து வால்ஷ் ஒரு நீளப் பந்து போட்டார், டூன் ஓடிப்போய் வெளியே வந்த கீப்பர் மெர்லே ஃப்ரோம்ஸின் தலைக்கு மேலே மெதுவாகத் தூக்கிவிட்டார். 62-வது நிமிஷம், அவர் உள்ளே வந்து ஆறு நிமிஷம்தான் ஆகியிருந்தது. 79-ல் லினா மகுல் சமன் செய்தார். 110-ல் கார்னர். லூசி பிரான்ஸின் உடம்பில் பட்டு விழுந்த பந்தை க்ளோயி கெல்லி முதல் உதையில் தவறவிட்டு, இரண்டாவதில் காலை நீட்டித் தள்ளினார். அவரும் சப்தான், காயப்பட்ட மீடுக்குப் பதில் வந்தவர்.

கூட்டிப் பார்த்தால் இங்கிலாந்து போட்ட 22 கோலில் 7 சப்களுடையவை: ருஸ்ஸோ 4, டூன் 2, கெல்லி 1.

வட அயர்லாந்து ஆட்டம்தான் இந்தத் திட்டத்தின் உண்மையான சோதனை. குரூப்பில் முதலிடம் ஏற்கனவே உறுதி. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு பெஞ்சை இறக்கியிருப்பார்கள். இவர் அதே பதினொன்றை இறக்கி, இடைவேளையில் மூன்று பேரை மாற்றினார். ருஸ்ஸோ 48, 53 என்று இரண்டு கோல். கோவிட் வந்ததால் அன்று வீக்மன் மைதானத்திலேயே இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. ஓரத்தில் நின்று நடத்தியது உதவியாளர் ஆர்யான் வூரிங்க். தலைவர் இல்லாமலும் ஓடுகிற அளவுக்குத் திட்டம் எல்லோர் மனசிலும் பதிந்திருந்தது.


கறார்பேர்வழி:

பெஞ்ச்பார்வை சொன்னது சரிதான், ஆனால் ஜெயித்த வருஷத்தை வைத்து மட்டும் பேசுகிறார். அதே திட்டத்தில் ஓட்டையும் உண்டு. ஸ்பெயின் காலிறுதியில் 84-வது நிமிஷம் வரை இங்கிலாந்து 0-1. கடிகாரம் வைத்த சப்கள் வந்து இருபது நிமிஷம் கழித்தும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் டிஃபென்டர் பிரைட்டைப் போய் முன்வரிசையில் நிறுத்தி, உயரப் பந்து போட்டு, ருஸ்ஸோ கோல் அடித்துத்தான் தப்பித்தார்கள். அது திட்டம் இல்லை, கடைசிப் பத்து நிமிஷத் தெருக் கால்பந்து. இறுதியிலும் ஜெர்மனியின் கோல் இயந்திரம் அலெக்ஸாண்ட்ரா போப் வார்ம்-அப்பிலேயே காயப்பட்டு விலகினார். அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு கொடுங்கள்.

தோல்விகளுக்கு வருவோம். 2019 இறுதிக்கு நாட்காட்டி பாதிக் காரணம். அமெரிக்கா அரையிறுதியை ஜூலை 2-ல் 90 நிமிஷத்தில் முடித்தது. நெதர்லாந்து ஸ்வீடனோடு ஜூலை 3-ல் கூடுதல் நேரம் ஆடி, ஜாக்கி குரூனென் 99-வது நிமிஷத்தில் போட்ட கோலில் தப்பியது. இறுதி ஜூலை 7. ஒரு நாள் ஓய்வு குறைவு, அரை மணி ஆட்டம் கூடுதல். இடது ஓரத்து மார்டென்ஸுக்குக் கால்விரலில் காயம் வேறு. முதல் பாதியைக் கீப்பர் சாரி வான் வேனெண்டால் தனியாளாகத் தாங்கினார். இரண்டாம் பாதியில் ஸ்டெஃபனி வான் டெர் கிராக்ட் தூக்கிய கால் அலெக்ஸ் மார்கன் மேல் பட, விஏஆரில் (வீடியோ உதவி நடுவர்) பார்த்துப் பெனால்ட்டி, 61-ல் மேகன் ரப்பினோ. 69-ல் ரோஸ் லாவெல். அவ்வளவுதான்.

2023-ல் கதை வேறு. வில்லியம்சன், மீட், கிர்பி மூவரும் முழங்கால் காயத்தால் போட்டிக்கே வரவில்லை. டென்மார்க் ஆட்டத்தில் வால்ஷுக்கும் முழங்கால் திரும்பியது. அப்போதுதான் வீக்மன் 4-2-3-1-ஐ விட்டு, மூன்று சென்டர் பேக், ஓரத்தில் மேலும் கீழும் ஓடுகிற இரண்டு விங்-பேக் வைத்த வடிவத்துக்கு மாறினார். சீனாவை 6-1 என்று அடித்ததும் உலகமே கைதட்டியது. ஆனால் அந்த வடிவத்தில் வலது ஓரம் முழுக்க லூசி பிரான்ஸ் ஒருத்தருடையது. அவர் மேலே போனால் பின்னால் ஆளில்லாத ஒரு பெரிய துண்டு கிடக்கும். இறுதியில் 29-வது நிமிஷம் நடந்தது அச்சு அசலாக அதுதான். லூசி பிரான்ஸ் பந்தோடு நடுக்களத்துக்குள் புகுந்தார், சுற்றி வளைத்துப் பிடுங்கினார்கள், ஸ்பெயின் உடனே இடப்பக்கம் திருப்பியது. மரியோனா கால்டென்டே பந்தை வைத்துக் காத்திருந்து, வெளியே ஓடிவந்த லெஃப்ட் பேக் (இடது ஓரத் தடுப்பாளர்) ஓல்கா கார்மோனாவுக்குத் தள்ளினார். தாழ்வான உதை, தூர மூலை. 1-0. இடைவேளையில் டேலியையும் ருஸ்ஸோவையும் எடுத்துவிட்டு லாரன் ஜேம்ஸையும் கெல்லியையும் இறக்கி, நால்வர் பின்வரிசைக்குத் திரும்பினார். ஸ்பெயினின் ஹெர்மோசோ அடித்த பெனால்ட்டியை ஏர்ப்ஸ் பிடித்தும் சமன் செய்ய முடியவில்லை. 45 நிமிஷம் தாமதம் என்பது என் கட்சி.

யாரும் பேசாத இன்னொன்றும் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு பிரிட்டன் அணி போகாததற்குக் காரணம் இங்கிலாந்து. பிரிட்டனுக்காகத் தகுதிக்கு ஆடியது அவர்கள்தான், தகுதி ஐரோப்பிய நேஷன்ஸ் லீக் வழியாக. அதன் குரூப்பின் கடைசி நாளில் ஸ்காட்லாந்தை 6-0 என்று அடித்தும், புள்ளி சமமாகி, கோல் வித்தியாசத்தில் ஒரே ஒரு கோலில் பின்தங்கினார்கள். மேலே போனது யார்? நெதர்லாந்து. அவருடைய பழைய அணி.


பெஞ்ச்பார்வை:

@கறார்பேர்வழி, ஒரு திருத்தம். ஸ்பெயினுக்கு எதிரான 84-வது நிமிஷக் கோல் டூனுடையது. ருஸ்ஸோ குதித்துத் தலையால் கீழே இறக்கிக் கொடுத்தார், டூன் ஓடிவந்து அடித்தார். இரண்டு பேரும் சப்கள், ஆக அது என் கணக்கில்தான் சேரும். பிரைட்டை முன்னே அனுப்பியதைத் தெருக் கால்பந்து என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தோற்கும்போது மட்டும் எடுக்கிற ஆயுதமாக அதை முன்பே பேசி வைத்திருந்தார்கள் என்றால்கூட ஆச்சரியப்பட மாட்டேன்.

மற்றபடி 2023 பற்றிச் சொன்னது நியாயம். அந்தப் பாடம் 2025-ல் தெரிந்தது. சுவிட்சர்லாந்து யூரோவின் முதல் ஆட்டத்தில் பிரான்ஸ் நாட்டு அணியிடம் 1-2 தோல்வி. லெஃப்ட் பேக்காக நின்ற ஜெஸ் கார்ட்டர் பக்கம் பிரான்ஸ் விங்கர்கள் புகுந்து விளையாடினார்கள். அடுத்த ஆட்டத்துக்கு நாலே நாள். வீக்மன் வடிவத்தை உடைக்கவில்லை. கார்ட்டரைச் சென்டர் பேக்காக உள்ளே இழுத்து, அலெக்ஸ் கிரீன்வுட்டை இடது ஓரத்துக்குத் தள்ளினார், மீடுக்குப் பதில் டூனைத் தொடக்கத்திலேயே இறக்கினார். நெதர்லாந்து 0, இங்கிலாந்து 4. அரையிறுதியில் கார்ட்டரை உட்கார வைத்து எஸ்மி மோர்கன், இறுதியில் மறுபடி கார்ட்டர். 2022-ன் ஒரே பதினொன்று என்பது அவருடைய கொள்கை இல்லை, அந்த மாதத்துக்கான விடை.

சப்களும் மறுபடி. ஸ்வீடன் காலிறுதியில் 0-2. 70-ல் மிஷெல் அஜிமாங், 78-ல் கெல்லி. 79-ல் கெல்லி தூக்கிப்போட்ட பந்தில் லூசி பிரான்ஸ் தலையால் கோல், 81-ல் அஜிமாங் சமன். பெனால்ட்டி ஷூட்-அவுட்டில் 14 உதையில் ஐந்துதான் உள்ளே போனது, 3-2. இத்தாலி அரையிறுதியில் 90+6-ல் மறுபடி அஜிமாங். 119-ல் கெல்லியின் பெனால்ட்டியைக் கீப்பர் தடுக்க, திரும்பி வந்த பந்தை அவரே உள்ளே போட்டார். பாசெல் நகரில் ஸ்பெயினுக்கு எதிரான இறுதியில் ஜேம்ஸ் காயத்தால் 41-வது நிமிஷமே வெளியேற, வந்தவர் கெல்லி. 57-ல் அவர் போட்ட பந்தில் ருஸ்ஸோ தலையால் சமன். ஷூட்-அவுட்டில் கீப்பர் ஹன்னா ஹாம்ப்டன் இரண்டைப் பிடித்தார், கடைசி உதை மறுபடி கெல்லி. 3-1.


கறார்பேர்வழி:

திருத்தத்துக்கு நன்றி, டூன்தான். ஆனால் 2025-ன் அந்த மூன்று நாக்அவுட் ஆட்டத்தையும் சேர்த்து இங்கிலாந்து முன்னிலையில் இருந்தது ஐந்து நிமிஷத்துக்கும் குறைவு. அதையும் மலரில் போடுங்கள். பிள்ளைகளுக்குக் கணக்கு வரட்டும்.


தென்னங்கீற்று:

நான் கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது, நன்றி. இன்னும் இரண்டு சின்னச் சந்தேகம். "தொடர்ந்து ஐந்து இறுதி" என்று எழுதலாமா? அப்புறம், நல்ல ஆட்டக்காரராக இருந்தவர்தான் நல்ல பயிற்சியாளர் ஆவார் என்று ஆசிரியர் ஒருவர் தலைப்பு வைக்கச் சொல்கிறார். சரியாக வருமா?


எட்டாம்நம்பர்:

ஐந்து இறுதி என்பது சரி: 2017, 2019, 2022, 2023, 2025. ஆனால் "யூரோ, உலகக் கோப்பைகளில்" என்ற சொல்லைச் சேர்த்தே ஆக வேண்டும். நடுவில் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நெதர்லாந்து காலிறுதியோடு வெளியேறியது. ஜாம்பியாவுக்கு 10, சீனாவுக்கு 8 என்று கோல் மழை பொழிந்துவிட்டு, அமெரிக்காவோடு 2-2, பெனால்ட்டியில் 2-4. அவர் நெதர்லாந்தோடு கடைசியாக இருந்த போட்டி அது. அந்தச் செப்டம்பரில் இங்கிலாந்தில் வேலை தொடங்கினார்.

தலைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஜெர்மனியின் சில்வியா நைட் 111 ஆட்டம், 48 கோல், ஆட்டக்காரராக 1989, 1991, 1995 மூன்று யூரோ. அவ்வளவு பெரிய பெயர் இருந்தும், 1996-ல் ஆட்டத்தை விட்டதும் ஒன்பது வருஷம் டீனா தொய்னேவுக்கு உதவியாளராகத்தான் இருந்தார். 2005-ல் பொறுப்பேற்று, 2007 உலகக் கோப்பையை ஒரு கோல்கூட வாங்காமல் ஜெயித்தார், 2016-ல் ஒலிம்பிக் தங்கமும் எடுத்தார். ஸ்வீடனின் பியா சுண்ட்ஹாகே 146 ஆட்டம், 71 கோல். 1984 யூரோ இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக வெற்றிப் பெனால்ட்டியை அடித்தவரே அவர்தான். அமெரிக்காவுக்குப் பயிற்சியாளராக 2008, 2012 இரண்டு ஒலிம்பிக் தங்கம். 2016 ஒலிம்பிக் இறுதியில் ஸ்வீடன் பெஞ்சில் இருந்து, நைட்டின் ஜெர்மனியிடம் 1-2 என்று தோற்றார்.

இந்த இருவரும் களத்தில் நட்சத்திரங்கள். வீக்மன் அப்படி இல்லை. மூவருக்கும் பொதுவாக இருப்பது கோல் எண்ணிக்கை இல்லை, தேசிய அணியின் தலைமைப் பொறுப்புக்கு முன்னால் கழித்த நீண்ட வருஷங்கள். மூவரையும் வைத்து ஒரு அட்டவணை போடுவதாக இருந்தால் கோப்பைக்கு இரண்டு கட்டம் வையுங்கள், ஆட்டக்காரராக ஒன்று, பயிற்சியாளராக ஒன்று. வீக்மனின் முதல் கட்டத்தில் நாட்டு அணிக்கான கோப்பை எதுவும் வராது, அதைக் காலியாகவே விட்டுவிடுங்கள்.